தரைமேல் நீச்சல் தொட்டி: சிங்கப்பூர் வீட்டில் அமைக்க முழுமையான வழிகாட்டி

ஜூன் விடுமுறை நெருங்கினால் உறவிலோ நட்பிலோ யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "வீட்டு வாசல்ல பிள்ளைங்களுக்கு ஒரு நீச்சல் தொட்டி போடலாமா? எந்த கம்பெனி நல்லது?" நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தண்ணீர் எதன்மேல் நிற்கப் போகிறது? கம்பெனியை இணையக் கடையில் பத்து நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிடலாம். இடமும் மட்டமும் சரியாக அமைய ஒரு வார இறுதி முழுக்கப் போகும். அந்த வேலையை முடித்தபின் தொட்டி வாங்குவதே சரியான வரிசை. ஆகவே இந்த வழிகாட்டியில் தொட்டியைவிடத் தரையைப் பற்றித்தான் முதலில் அதிகம் பேசப்போகிறேன்.

எடைக் கணக்கு

ஒரு கன மீட்டர் தண்ணீர் என்பது 1,000 லிட்டர். அதன் எடை 1,000 கிலோ. தொட்டியில் 10 செ.மீ. தண்ணீர் ஏறும்போதெல்லாம் அடியில் உள்ள ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 கிலோ கூடுகிறது. தொட்டி வட்டமோ சதுரமோ, பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. ஆழம் மட்டுமே முக்கியம்.

குடியிருப்புக் கட்டடங்களின் தளத்தை வடிவமைக்கும்போது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. 15 செ.மீ. தண்ணீர் நின்றாலே அந்த அளவு எட்டிவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒன்றரை மீட்டர் அகலக் காற்றடைத்த குழந்தைத் தொட்டியில் 25 செ.மீ. உயரத்துக்கு நீர் பிடித்தால் கிட்டத்தட்ட 440 கிலோ. சதுர மீட்டருக்கு 250 கிலோ. பார்க்க விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும்.

அதனால் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு என் பதில் நேரடியானது: வேண்டாம். கூடத்திலும் வேண்டாம், சேவை முற்றத்திலும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையும் கீழ்த்தளமும் எல்லாருக்கும் பொதுவானவை. தீ, மருத்துவ அவசரம் என்று வந்தால் ஆட்கள் ஓட வேண்டிய வழி அது. பிள்ளை தண்ணீரில் விளையாட ஆசைப்பட்டால் குளியலறையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டி போதும். நீந்த ஆசைப்பட்டால் ஈசூன், ஜூரோங் ஈஸ்ட், செங்காங் என்று நகரத்துக்கு நகரம் பொது நீச்சல் வளாகம் இருக்கிறது. அங்கே உயிர்காப்பாளரும் இருக்கிறார். வீட்டுத் தொட்டியால் அந்த வசதியைத் தர முடியாது.

கூட்டுரிமை வீடுகளின் மாடமும் மொட்டைமாடியும் இதே கணக்குக்குள்தான் வரும். தரைத்தளத்தில் சொந்த முற்றம் உள்ள வீடு என்றால்கூட அதன் கீழே வாகன நிறுத்துமிடம் இருக்கலாம். நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள். தரைவீடுகளிலும் மேல்மாடித் தளம், கார் நிறுத்தும் கூரையின் மேல்பகுதி இவற்றில் தொட்டி வைக்கும் யோசனை வந்தால் தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

மிச்சம் இருப்பது மண்தரை உள்ள தரைவீடு. செராங்கூன் கார்டன்ஸ், சிலேத்தார் ஹில்ஸ், செம்பவாங் பக்கத்து வீடுகளில் பின்புறம் ஒரு துண்டுப் புல்தரை இருக்குமே, அதுதான் நமக்கு வேண்டிய இடம். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் முதலில் பேசிவிடுங்கள். விடுமுறை முடிந்ததும் கழற்றி மடிக்கும் தொட்டி ஒரு வகை; மரமேடை கட்டி, குழாய் புதைத்து, நிலையாக நிறுத்துவது வேறு வகை. இரண்டாவதில் இறங்கினால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளும் வந்துவிடும். தகுதிபெற்ற நிபுணர் ஒருவரை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். இங்கே நான் விளக்குவது முதல் வகையை.

எங்கே வைப்பது

முற்றத்தில் நின்று முதலில் கீழே பாருங்கள். கழிவுநீர்க் குழாயின் ஆய்வுக்குழி மூடி எங்கே இருக்கிறது? பொதுக் கழிவுநீர்க் குழாய் பல தரைவீடுகளின் பின்முற்றத்துக்கு அடியில் ஓடுகிறது. அதன்மேல் பல டன் எடையை ஏற்றவும் கூடாது, மூடியை மறைக்கவும் கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஆள் வந்தால் அதைத் திறக்க வழி இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி ஓடும் மூடிய வடிகாலுக்கு மேலும் வைக்காதீர்கள். அந்தக் காங்கிரீட் பலகைகள் ஆள் நடக்கப் போட்டவை.

பிறகு மேலே பாருங்கள். மாமரமும் ரம்புத்தான் மரமும் நிழல் தரும், உண்மைதான். ஆனால் இலை, பூ, பழம், பறவை எச்சம் எல்லாம் நேராகத் தண்ணீரில் விழும். அவற்றைத் தின்று தீர்க்கவே குளோரின் செலவாகிவிடும். மரத்தடியைவிட வீட்டுச் சுவரின் நிழல் நல்லது. மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் கிழக்குப் பக்கம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

தொட்டியைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாமல் நடக்க இடம் விடுங்கள். பூந்தொட்டி, கல்மேசை, குளிர்சாதன இயந்திரத்தின் வெளிப்பகுதி என்று பிள்ளை ஏறி நிற்கக்கூடிய எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் அங்கேதான் வைக்க நினைப்பார்கள். மழைநீர் வடிகாலுக்கு ஓட வேண்டும் என்பதற்காக அந்தத் தளத்தைச் சரிவாகத்தான் போடுவார்கள். 100-க்கு 1 என்ற சரிவு இருந்தால் 3.66 மீட்டர் தொட்டியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கிட்டத்தட்ட 3.7 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். தொட்டி செய்யும் நிறுவனங்கள் பொதுவாக 2.5 செ.மீ.க்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. சிமெண்டை வெட்டி மட்டமாக்கவும் வழி இல்லை. கார்த் தளத்தில் இரண்டு மீட்டர் அகலச் சின்னத் தொட்டிக்கு மேல் போகாதீர்கள்.

எவ்வளவு பெரியது

இன்டெக்ஸ், பெஸ்ட்வே என்ற இரண்டு கம்பெனிகளின் தொட்டிகளும் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. மேல்வளையத்தில் காற்றடைக்கும் வகை மலிவு, விரைவில் நிற்கும்; ஆனால் நம் வெயிலில் பகலில் வளையம் உப்பி, இரவில் தளர்ந்து, சில மாதத்தில் ஒட்டுப் பகுதி விட்டுப்போகும். இரும்புக் குழாய்ச் சட்டகம் உள்ள வகையையே நான் சொல்வேன்.

அளவுக்குக் கணக்குப் போடுவது எளிது. வட்டத் தொட்டி என்றால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 3.14-ஆல் பெருக்கி, நீர் நிற்கும் ஆழத்தால் பெருக்குங்கள். 3.66 மீட்டர் அகலம், 76 செ.மீ. உயரச் சுவர், 60 செ.மீ. தண்ணீர் என்றால் 6.3 கன மீட்டர். 6.3 டன். அதுவே 4.57 மீட்டர் அகலம், 1.07 மீட்டர் தண்ணீர் என்றால் 17.5 டன்.

தண்ணீர்ச் செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் மாதம் 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு, நீர்ச் சேமிப்பு வரியும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்த்து, 3 வெள்ளி 24 காசு. பொருள் சேவை வரி தனி. 6.3 கன மீட்டருக்கு ஏறக்குறைய 20 வெள்ளி. 40-ஐத் தாண்டும் அளவுக்குக் கட்டண விகிதம் உயரும், அந்த நீர்ச் சேமிப்பு வரியும் 50 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடாகும். நான்கு பேர் உள்ள வீடு மாதம் சுமார் 17 கன மீட்டர் பயன்படுத்தும் என்று வைத்துக்கொண்டால் சிறிய தொட்டியால் அந்த எல்லை எட்டாது. பெரிய தொட்டியை மாதம் இருமுறை நிரப்பினால் எட்டும்.

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு 60 செ.மீ. தண்ணீர் போதும். நின்றால் தலை மேலே இருக்கும், எடை குறைவு, மருந்து குறைவு, காலி செய்வதும் எளிது. பெரியவர்களும் இறங்கலாமே என்று 1.22 மீட்டர் சுவருள்ள தொட்டிக்குப் போனால் எல்லா வேலையும் மூன்று மடங்காகும். அதற்குப் பெரியவர்கள் பொதுக் குளத்துக்குப் போய் நீந்திவிட்டு வரலாம்.

மட்டம்: இதில்தான் எல்லாம்

சுவர் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஆழமாக நிற்கும்; அழுத்தமும் அங்கே கூடும். அந்தப் பக்கத்துக் கால்கள் மண்ணில் இன்னும் கொஞ்சம் இறங்கும், சரிவு இன்னும் கூடும். ஒரு கட்டத்தில் சுவர் மடங்கி ஆறு டன் தண்ணீரும் ஒரே பக்கமாகப் பாயும். குழந்தையைத் தூக்கி எறியப் போதுமான வேகம் அது. கோணல் தொட்டியை "பரவாயில்லை, கொஞ்சம்தானே" என்று விடுவதை என்னால் ஏற்க முடியாது.

நிற்கப்போகும் இடத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, தொட்டியின் ஆரத்தோடு 30 செ.மீ. கூட்டி வட்டம் போடுங்கள். அதற்குள் உள்ள புல்லை வேரோடு எடுத்துவிடுங்கள். நம்மூர் முற்றங்களில் அகல இலைப் புல்லோடு கோரையும் கலந்திருக்கும். கோரைக்கிழங்கை மண்ணில் விட்டால் அதன் முளை ஊசிபோலக் கிளம்பித் தொட்டியின் அடித்தாளைத் துளைக்கும். மண்வெட்டியால் மேலோடு செதுக்கினால் போகாது. கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். கல், ஆணி, உடைந்த ஓடு எல்லாவற்றையும் கையால் தடவிப் பொறுக்குங்கள்.

மட்டம் பார்க்க இரண்டு வழி. நேரான நீளப் பலகையின் ஒரு முனையை நடு முளையில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, மறுமுனையை வட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டே போவது ஒன்று. கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் மச்சான் நம்புவது மற்றதை: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தை ஒப்பிடும் டியூப் லெவல். பலகை வளைந்திருந்தாலும் தண்ணீர் பொய் சொல்லாது என்பார். அவர் விடாமல் சொல்லும் இன்னொன்று: "மேட்டை வெட்டுங்க, பள்ளத்தை ரொப்பாதீங்க." நிரப்பிய மண் முதல் பெருமழையில் அமுங்கும், வெட்டிய இடத்தின் அடிமண் பல ஆண்டு இறுகியது, அசையாது.

வெட்டிச் சமப்படுத்தியபின் தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் இறுக்கி, மறுநாள் மீண்டும் மட்டம் பாருங்கள். ஒரு மழை பெய்து பார்ப்பது இன்னும் நல்லது. குட்டை எங்கே கட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

இதற்குமேல் மணல் பரப்பச் சொல்லிப் பல காணொளிகள் சொல்கின்றன. 4 செ.மீ. மணல் என்றால் இந்த அளவு வட்டத்துக்கு ஏறக்குறைய 900 கிலோ. நம் மழையில் அது ஓரத்திலிருந்து கரைந்து வடிகாலுக்குப் போகும். மண் கலந்த நீரை வடிகாலில் விடவே கூடாது. எனக்குப் பிடித்தது 2.5 செ.மீ. தடிமன் உள்ள கெட்டி நுரைப்பலகை. இறுகிய மண்மேல் நெருக்கமாக அடுக்கி, இணைப்புகளை ஒட்டுநாடாவால் ஒட்டி, மேலே தொட்டியோடு வரும் தரைத்துணியை விரித்தால் காலுக்கும் மெத்தென்று இருக்கும். சட்டகத்தின் ஒவ்வொரு காலும் நிற்கும் இடத்தில் மட்டும் சிமெண்டுப் பாவுகல் ஒன்றை மண்மட்டத்துக்குப் பதித்துவிடுங்கள். பாவுகற்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று டியூப் லெவல் வைத்துப் பார்க்கவும்.

விரித்து நிரப்புதல்

தொட்டித் துணியை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள், மடிப்பு இளகும். இழுக்கும்போது தரையில் தேய்க்காமல் இருவர் மூவராகத் தூக்கி நகர்த்துங்கள். வடிகுழாய்த் துளை எந்தப் பக்கம், பம்பு எந்தப் பக்கம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு திருப்ப முடியாது. வடிதுளை கழிவுநீர்த் தரைவடிகால் இருக்கும் பக்கமாக இருக்க வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2 செ.மீ. தண்ணீர் விட்டதும் குழாயை மூடி, உள்ளே வெறுங்காலுடன் இறங்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கங்களைத் தள்ளுங்கள். பிறகு நிரப்பத் தொடங்கி, கணுக்கால் அளவு வந்ததும் மறுபடி நிறுத்தி, நாலு பக்கமும் தண்ணீர் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளவுநாடாவால் அளந்து பாருங்கள். தண்ணீரே இப்போது உங்கள் ரசமட்டம். 2.5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு வடித்துவிட்டு மண்ணுக்குத் திரும்புங்கள். கணுக்கால் அளவுத் தண்ணீரை இழப்பது பெரிய விஷயமில்லை.

தோட்டக் குழாய் நிமிடத்துக்கு 15 லிட்டர் தந்தால் 6,300 லிட்டர் நிரம்ப ஏழு மணி நேரம் ஆகும். காலையில் தொடங்கி, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும் நாளில் செய்யுங்கள். இரவில் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மின்சாரம்

வடிகட்டிப் பம்பு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியதா என்று பெட்டியில் பாருங்கள். இணையத்தில் மலிவாக வருபவற்றில் அமெரிக்க 120 வோல்ட் பம்பும் கலந்து வரும். நீட்டிப்புக் கம்பியை முற்றத்தில் இழுத்து, பிளாஸ்டிக் பையால் சுற்றி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மழை தாங்கும் மூடியுள்ள வெளிப்புற மின்செருகியை உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பொருத்துங்கள். தொட்டியில் நிற்பவர் கைநீட்டினால் எட்டாத தொலைவில் அது இருக்க வேண்டும்.

உங்கள் மின்பெட்டியில் ஆர்சிசிபி என்ற கசிவு மின்துண்டிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். 1985-க்கு முன் கட்டிய பழைய வீடுகளில் அது இல்லாமல் இருந்ததுண்டு. 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீடுகளிலும் பொருத்தியிருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பம்பை நிறுத்தி, செருகியையும் எடுத்துவிடுவது என் வழக்கம். நீரிழுக்கும் துளையில் தலைமுடி சிக்கும் ஆபத்தும் அதோடு போகிறது.

தண்ணீரைத் தெளிவாக வைப்பது

குழாய்த் தண்ணீர் சுத்தமானதுதானே, அப்படியே விட்டால் என்ன என்று தோன்றும். நம் குழாய்நீரில் கிருமிநாசினியாகக் குளோரமைன் என்ற குளோரின்-அம்மோனியாக் கலவை இருக்கிறது. அது குழாய்க்குள் நீண்ட நேரம் நிலைத்து நிற்கும், ஆனால் ஐந்து பிள்ளைகள் வேர்வையும் வெயில்பூச்சும் சிறுநீருமாக இறங்கும் தொட்டிக்கு அதன் வலு போதாது. நீரில் நனைத்து நிறத்தை ஒப்பிடும் சோதனைப் பட்டையில் "மொத்தக் குளோரின்" கட்டம் முதல் நாளே நிறம் காட்டுவதும் இந்தக் குளோரமைனால்தான். நீங்கள் பார்க்க வேண்டியது, கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரினைக் காட்டும் "சுதந்திரக் குளோரின்" கட்டத்தை.

பராமரிக்க வேண்டிய அளவுகள்: சுதந்திரக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8, அந்த பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம். இவற்றுள் பிஎச்சைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பிஎச் 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வலுவான வடிவில் இருக்கும். 8-க்கு ஏறினால் கால்வாசியாகிவிடும். நம் குழாய்நீர் சற்றே காரப்பக்கம் சாய்ந்தது. குளோரினைக் கூட்டிக்கொண்டே போயும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் முதலில் பிஎச்சைப் பாருங்கள். அதைக் குறைக்கச் சோடியம் பைசல்பேட் தூள், "பிஎச் மைனஸ்" என்ற பெயரில் கிடைக்கும். காரத்தன்மையை உயர்த்தச் சமையல் சோடா போதும்: 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 18 கிராம் போட்டால் 10 பிபிஎம் உயரும்.

குளோரினுக்கும் கணக்கு உண்டு. 1,000 லிட்டர் நீரில் 1 பிபிஎம் உயர்த்த 1 கிராம் குளோரின் வேண்டும். 10 விழுக்காட்டுத் திரவக் குளோரின் என்றால் ஏறக்குறைய 10 மில்லி லிட்டர். ஆக, 6,300 லிட்டர் தொட்டியில் 2 பிபிஎம் உயர்த்த 126 மில்லி லிட்டர். இதை ஒரு தாளில் எழுதிப் பம்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் ஊற்றினாலும் கைக்கணக்கு போடாமல் அளந்து ஊற்றுவார்கள்.

வெயில் குளோரினைத் தின்றுவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாத நீரில் உச்சிவெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியை அழித்துவிடும். சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் இருந்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். 6,300 லிட்டருக்கு 190 கிராம் போல, தொட்டியை நிரப்பியவுடன் ஒரே முறை. இதற்குப் பிறகு மிதக்கும் மாத்திரைகளை நம்பி இருக்காதீர்கள். அந்த ட்ரைகுளோர் மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கிறது. நாளைக்கு 2 பிபிஎம் என்ற கணக்கில் ஒரே மாதத்தில் 36 பிபிஎம் கூடிவிடும். அளவுக்கு மீறினால் குளோரின் மந்தமாகும், தண்ணீரை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. வெளியூர் போகும் இரண்டு மூன்று நாளுக்கு மாத்திரை, மற்ற நாளெல்லாம் திரவம் என்பதே என் பரிந்துரை.

ஊற்றும் நேரம் சூரியன் இறங்கிய பிறகு. பம்பு ஓடிக்கொண்டிருக்க, நீர் திரும்பி வரும் குழாய்க்கு முன்னால் மெதுவாக ஊற்றுங்கள். காலையில் பட்டையை நனைத்துப் பார்த்து 1 முதல் 3-க்குள் இருந்தால் பிள்ளைகள் இறங்கலாம். பம்பு மணிக்கு 2,000 லிட்டர் சுற்றினால் ஆறேழு மணி நேரத்தில் மொத்த நீரும் இரண்டு சுற்று வடிகட்டியைக் கடந்துவிடும். தினமும் அவ்வளவு ஓட்டுங்கள். தாள்வடிகட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய்நீரால் பீய்ச்சிக் கழுவி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மருந்துகளைப் பற்றி இதைக் கட்டாயம் படியுங்கள். குளோரினும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். தூள் குளோரினாக விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ட்ரைகுளோர் மாத்திரையும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே கரண்டியால் இரண்டையும் எடுப்பதே ஆபத்து. மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை மருந்தின்மேல் ஊற்றக் கூடாது. பிள்ளைக்கு எட்டாத, காற்றோட்டமுள்ள, வெயில்படாத இடத்தில் தனித்தனியாக வையுங்கள். சமையலறை அலமாரி அதற்கான இடம் இல்லை.

வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளை முழுக்கக் குணமாகும்வரை இறங்கக் கூடாது. குளோரினுக்கு எளிதில் சாகாத கிருமிகளும் உண்டு. எல்லாரும் இறங்குமுன் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்தால் மருந்துச் செலவு கண்கூடாகக் குறையும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்த நாளில் இது இன்னும் முக்கியம். எண்ணெய் நீர்மட்டத்தை ஒட்டி வளையமாகப் படிந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

மழையும் கொசுவும்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை. 50 மி.மீ. கொட்டும் ஒரு பிற்பகலில் உங்கள் தொட்டியில் 500 லிட்டருக்கு மேல் புதுநீர் சேரும், மருந்து நீர்த்துப்போகும். பெருமழைக்குப் பிறகு பட்டையால் சோதிக்காமல் யாரையும் இறக்காதீர்கள். இடிச் சத்தம் காதில் விழுந்த உடனே எல்லாரும் வெளியே வந்து வீட்டுக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே திரும்பலாம்.

கொசு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். 2020-இல் இந்தச் சின்னத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும். 20 காசு அகலத்துக்குத் தேங்கிய நீரே அதற்குப் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பல ஆண்டாகச் சொல்லி வருகிறது. குளோரினோடு சுழலும் தொட்டி நீரில் அது பெருகுவது கடினம். தொட்டியைச் சுற்றித்தான் பெருகும்: மூடுதுணியின் குழிவில் நிற்கும் மழைநீர், சட்டகக் குழாயின் திறந்த வாய், ஏணிப் படியின் அடிப்பள்ளம், கவிழ்க்காமல் விட்ட வாளி. மூடுதுணிக்குக் கீழே நடுவில் ஒரு பெரிய மிதவைப் பந்தை வைத்துக் கூம்பாக்கினால் மழை வழிந்துவிடும். தினமும் மாலையில் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் யாரும் இல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதாக இருந்தால் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். டிசம்பரில் தமிழ்நாட்டுக்கு ஒரு மாதம் போகும் குடும்பங்கள் இதை மறக்கவே கூடாது.

பிள்ளைகள்

மூழ்கும் பிள்ளை கத்தாது. கையை ஆட்டாது. ஒரு நிமிடத்தில் சத்தமில்லாமல் முடிந்துவிடும். சில அங்குலத் தண்ணீரும் போதும். எனவே தண்ணீரில் பிள்ளை இருக்கும்போது ஒரு பெரியவர், கைப்பேசி இல்லாமல், கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்பதை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்: "இனி நீங்க பாத்துக்குங்க அண்ணி, நான் உள்ள போறேன்." பிறந்தநாள் விருந்தில் பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. சமையலும் துணியும் பார்த்துக்கொண்டிருக்கும் பணிப்பெண்ணிடம் இதையும் சேர்த்துச் சுமத்தாதீர்கள். அவருக்கு நீந்தத் தெரியுமா என்றுகூட நம்மில் பலர் கேட்பதில்லை.

விளையாடி முடிந்ததும் ஏணியை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். மிதக்கும் பொம்மைகளையும் எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளை அதை எடுக்கத்தான் எட்டிப் பார்க்கும். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள வீட்டில் தானாக மூடும் கதவுள்ள 1.2 மீட்டர் வேலி இல்லாமல் தொட்டியே வேண்டாம் என்பேன். தலைகீழாகக் குதிப்பது எந்த வயதினருக்கும் கூடாது. மார்பழுத்த முதலுதவியை வீட்டில் குறைந்தது இருவர் கற்றிருக்க வேண்டும். அவசர மருத்துவ வண்டிக்கு 995. பிள்ளைகளை 2010 முதல் நடந்துவரும் ஸ்விம்சேஃபர் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். அதில் நீச்சலோடு தண்ணீரில் எப்படிப் பிழைப்பது என்பதையும் சொல்லித் தருகிறார்கள்.

காலி செய்தலும் எடுத்து வைத்தலும்

இந்த நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வாசல் வடிகாலில் விழும் நீர் நீர்த்தேக்கத்துக்குப் போய், திரும்ப நம் வீட்டுக் குழாயில் வருகிறது. குளோரின் கலந்த நீரையும் வடிகட்டி கழுவிய நீரையும் மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். பின்கட்டில் துணி துவைக்கும் இடத்துத் தரைவடிகால் கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்தது, அதில் விடுங்கள். வடிதுளையை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தோட்டக் குழாயின் வேகத்தில் மெதுவாக விட்டால் தரைவடிகால் பொங்காது. அரை நாள் ஆகும்.

கொஞ்சம் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்ற ஆசைப்பட்டால், இரண்டு நாள் குளோரின் போடாமல் பம்பை ஓடவிட்டு, பட்டை பூச்சியம் காட்டிய பிறகு ஊற்றுங்கள். பம்பை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் அப்படியே வைத்தால் கொசுவுக்குத்தான் உதவும்.

காலியான துணியை மென்மையான சோப்புநீரால் துடைத்து, இரு பக்கமும் முழுக்கக் காயவிடுங்கள். மடிப்புக்குள் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். முகப்பவுடரைத் தூவி மடித்தால் ஒட்டிக்கொள்ளாது. சட்டகக் குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி உள்நீரை வடித்து, இணைப்புக் கொண்டிகளை ஒரு பையில் போட்டு அதே கட்டோடு கட்டுங்கள். அவை தொலைந்தால் தனியாகக் கிடைப்பது அரிது. பம்பின் கலனைத் திறந்து கவிழ்த்துக் காயவைத்து, எல்லாவற்றையும் கூரைக்குக் கீழே வையுங்கள். பின்முற்றத்துச் சுவரோரம் தார்ப்பாயால் மூடி வைத்தால் மடிப்புகளில் மழைநீர் தேங்கும், கொசு பெருகும், அடுத்த வாரமே சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி கதவைத் தட்டலாம். நுரைப்பலகைகளையும் எடுத்துவிட்டு, வெறும் மண்ணை மண்கொத்தியால் ஒருமுறை கிளறி, ஓரத்துப் புல்லில் சில துண்டுகளை வெட்டி நட்டுவிடுங்கள். நம் மழைக்கு அது தானாகப் பரவும்.